குறுக்கே ஓடிய அயர்லாந்துக்காரர்

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் என்றதும் நம் ஊர் ஆட்களுக்கு நினைவு வருவது டிசம்பர் 26, பாக்ஸிங் டே டெஸ்ட், விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு டிவியைப் போடுவது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆண்டின் சிறு பகுதிதான். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அந்த மைதானம் 'ஃபுட்டி'க்குச் சொந்தம், அதாவது ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்கு. கிரிக்கெட்டுக்கும் இதற்கும் உறவு பழையது. 1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்கள் உடம்பை வளர்த்துக்கொண்டு சும்மா கிடக்காமல் இருக்க ஒரு கால்பந்து கிளப் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மெல்பர்ன் கிளப்காரர்கள் விதிகளை எழுதி வைத்தார்கள். ஆட்டம் அங்கிருந்து வளர்ந்தது.

அந்த மைதானத்துக்கு வெளியே பிராட்மேன், லில்லி, ஷேன் வார்ன் சிலைகள் நிற்கின்றன. அவர்களோடு 2014-ல் இன்னொரு சிலையும் வந்து சேர்ந்தது. ஜிம் ஸ்டைன்ஸ். டப்ளினில் பிறந்து, 18 வயதில்தான் இந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்கியவர். இந்த ஆட்டத்தின் வரலாற்றில் எல்லோரும் பார்த்த, எல்லோருக்கும் நினைவிருக்கும் தவறு ஒன்றையும் செய்தவர். அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்தத் தவறு ஏன் நடந்தது என்று பார்ப்பதுதான் நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன் அவர் மெல்பர்னுக்கு எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தின் சொந்த ஆட்டம் கேலிக் கால்பந்து. பந்து உருண்டை. கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். உயரமாக எம்பிப் பந்தைப் பறிப்பவனுக்கு அங்கே மரியாதை அதிகம். ஆஸ்திரேலிய ஆட்டத்தில் பந்து முட்டை வடிவம், மைதானம் கிரிக்கெட் மைதானத்தின் அளவு, ஓர் அணிக்கு 18 பேர். ஆனால் ஓட்டம், எம்பிப் பிடிப்பது, கையால் குத்திப் பந்தை நகர்த்துவது என்று இரண்டுக்கும் அண்ணன் தம்பி ஜாடை உண்டு. 1967-ல் ஆஸ்திரேலிய அணி ஒன்று அயர்லாந்துக்குப் போய் இரண்டு ஆட்டங்களையும் கலந்த மாதிரி ஒன்றை ஆடிப் பார்த்தது. ரான் பராஸி அந்தப் பயணத்தில் இருந்தார். பின்னாளில், 1981-ல் அவர் மெல்பர்ன் கிளப்பின் பயிற்சியாளராகத் திரும்பியபோது அணி அடிமட்டத்தில் கிடந்தது. 1964-ல் பராஸியே கேப்டனாக இருந்து வாங்கிக் கொடுத்த கோப்பைதான் கடைசிக் கோப்பை. அதற்குப் பிறகு கோப்பை இருக்கட்டும், இறுதிச் சுற்றுகளில்கூட அந்த அணி கால் வைக்கவில்லை.

பராஸியும் கிளப் நிர்வாகமும் அயர்லாந்தில் ஆள் தேடினார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள்: உயரமான, திறமையான இளைஞர்கள் மெல்பர்னுக்கு வந்து இந்த ஆட்டத்தைக் கற்றால், கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. கேலிக் கால்பந்தில் சம்பளம் கிடையாது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 80,000 பேர் பார்க்கிற இறுதி ஆட்டத்தில் ஆடுகிறவரும் திங்கட்கிழமை காலை தன் வேலைக்குப் போக வேண்டியவர்தான். அன்றைக்கு அயர்லாந்தில் வேலை கிடைப்பதே பெரும்பாடு. 1984-ல் டப்ளின் இளையோர் அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற கையோடு, அந்த ஆண்டின் இறுதியில், ஸ்டைன்ஸ் விமானம் ஏறினார்.

வந்ததும் நட்சத்திரம் ஆகிவிடவில்லை. முதலில் 19 வயதுக்கு உட்பட்டோர் அணி. அப்புறம் அனுபவத்துக்காக இரண்டாம் நிலை லீக்கில் பிரஹ்ரான் கிளப். முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று அதற்கே தெரியாது. சிறு வயதிலிருந்து அதோடு புழங்கியவர்களுக்கு அது கையில் வந்து உட்காரும், புதிதாக வந்தவனுக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஓடும்போது 15 மீட்டருக்கு ஒரு முறை அதைத் தரையில் தட்டிப் பிடிக்க வேண்டும், அது திரும்பக் கைக்கே வர வேண்டும். ஸ்டைன்ஸ் தானாகவே மணிக்கணக்கில் பயிற்சி செய்து இதையெல்லாம் தேற்றிக்கொண்டார். 1987-ல் முதல் அணியில் இடம் கிடைத்தது. அவரைத் தேடி அழைத்துவர ஆள் அனுப்பிய பராஸி அதற்குள் பயிற்சியாளர் பதவியை விட்டுப் போய்விட்டார். ஜான் நார்தி அந்த இடத்தில் இருந்தார்.

கையும் காலும் கற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் ஒன்று பாக்கி இருந்தது.

இந்த ஆட்டத்தின் உயிர்நாடி 'மார்க்'. சக வீரரோ எதிரியோ உதைத்த பந்தை, அது குறிப்பிட்ட தூரம் (இன்றைய விதிப்படி 15 மீட்டர்) வந்திருந்தால், தரையைத் தொடாமல் பிடித்தால் ஆட்டம் ஒரு நொடி நிற்கும். பிடித்தவர் பின்னால் நகர்ந்து நிதானமாக உதைக்கலாம். எதிரணியில் ஒருவர் அந்தப் புள்ளியில் நின்று கையைத் தூக்கி மறைக்கலாம், அவ்வளவுதான். உதைப்பவருக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே வேறு யாரும் குறுக்கே ஓடக் கூடாது. ஃப்ரீ கிக் கிடைத்தாலும் இதே மரியாதைதான். கேலிக் ஆட்டத்தில் அன்று அப்படி எதுவும் கிடையாது. பந்தைப் பிடித்தவனை அடுத்த நொடி நாலு பேர் மொய்த்துக்கொள்வார்கள், ஆட்டம் நிற்காமல் ஓடும். (அயர்லாந்துக்காரர்கள் 2017-ல்தான் 'மார்க்' என்ற விதியை ஒரு வகையில் கொண்டுவந்தார்கள். அதற்கும் ஊரெல்லாம் சண்டை.)

1987-ன் கடைசி லீக் ஆட்டங்களில் மெல்பர்ன் தன் ஆட்டத்தை வென்றது போதவில்லை, வேறொரு மைதானத்தில் ஹாதார்ன் அணி ஜீலாங்கைத் தோற்கடிக்கவும் வேண்டியிருந்தது. ஹாதார்ன் தோற்கடித்தது. 23 ஆண்டு கழித்து மெல்பர்ன் இறுதிச் சுற்றுக்கு வந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் எதிரிகளைத் துவைத்து எடுத்தது. கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டத்தில் எதிரே நின்றது அதே ஹாதார்ன்.

இந்த ஆட்டத்தில் உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் கோல், 6 புள்ளி. பக்கத்துச் சிறு கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. கடைசி நொடிகளில் மெல்பர்ன் 4 புள்ளி முன்னிலை. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக். கோலுக்கு ஐம்பது மீட்டருக்கு மேல், களைத்த காலுக்கு எட்டாத தூரம். ஆட்டம் முடியும் சைரனும் ஒலித்துவிட்டது. அவர் உதைக்கலாம், ஆனால் போய்ச் சேருமா என்பது சந்தேகம். அந்த நேரத்தில் ஸ்டைன்ஸ், தன் பொறுப்பில் இருந்த எதிரணி ஆளைத் துரத்திக்கொண்டு பக்கனாராவுக்கும் அந்தப் புள்ளிக்கும் குறுக்கே ஓடினார்.

நடுவர் 15 மீட்டர் முன்னே வரச் சொன்னார். நாற்பது மீட்டர் இவர்களுக்குப் பழகிய தூரம். பந்து நடுவாக உள்ளே போனது. 2 புள்ளியில் ஹாதார்ன் கிராண்ட் ஃபைனலுக்குப் போனது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது கடைசிப் பந்தில் போட்ட நோ-பால் மாதிரி. உடை மாற்றும் அறையில் நார்தி அவரைத் திட்டித் தீர்த்ததை டிவி கேமரா அப்படியே பிடித்துக்கொண்டது. அணியின் கேப்டன் ராபி ஃப்ளவருக்கு அது 272-வது ஆட்டம், கடைசி ஆட்டம். பதினைந்து சீசன்களாகத் தோற்கும் அணிக்கே ஆடி, இறுதிச் சுற்றின் வாசலை முதல்முறை பார்த்த அதே ஆண்டில் அவர் ஓய்வு பெறுகிறார். ஊரே அழுதது ஸ்டைன்ஸுக்காக அல்ல, ஃப்ளவருக்காக.

முட்டாள்தனம் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினெட்டு வயதில் தமிழ் கற்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். நன்றாகப் பேசுவார், படிப்பார், ஜோக்குகூட அடிப்பார். ஆனால் பதறினால் வாயிலிருந்து 'ழ' போய் 'ல' வந்துவிடும். ஸ்டைன்ஸின் உடம்புக்கு ஆட்டம் தெரியும், தாய்மொழி வேறு. கேலிக் ஆட்டத்தில் வளர்ந்த காலுக்கு, கடைசி நொடியில் எதிரி நழுவினால் பின்னாலேயே ஓடு என்பதுதான் ரத்தத்தில் ஊறிய கட்டளை. நின்று யோசிக்க ஒரு நொடி இருந்திருந்தால் ஓடியிருக்க மாட்டார். அந்த ஒரு நொடிதான் இல்லை.

இந்தக் கதையை இதுவரை சொன்ன பலரும், தவறுக்குப் பரிகாரமாகத்தான் அவர் அடுத்து 244 ஆட்டங்கள் விடாமல் ஆடினார் என்று முடிச்சுப் போடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைப் பார்த்தால், அந்தத் தொடர் ஓட்டம் 1987-ல், அந்தத் தவறுக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிட்டது. அவர் அப்படிப்பட்ட ஆள், அவ்வளவுதான். தவறு நடக்காமல் இருந்திருந்தாலும் ஆடியிருப்பார்.

1987-லிருந்து 1998 வரை ஒரு வாரம்கூட விடாமல் 244 ஆட்டங்கள். அதற்கு முன் ரிச்மண்டின் ஜாக் டைட்டஸ் 1930-களிலும் 40-களிலும் ஆடிய 202 தொடர் ஆட்டங்கள்தான் சாதனை. ஸ்டைன்ஸின் எண்ணைக் கால் நூற்றாண்டுக்கு மேல் யாரும் தாண்டவில்லை. இது ஏன் பெரிய விஷயம் என்றால், அவர் ஆடிய இடம் ரக்மேன். அன்று நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து மேலே எழுப்புவார்; அப்போது இரு அணியின் உயரமான ஆளும் எம்பி, மோதி, அதைத் தன் ஆட்களின் பக்கம் தட்டிவிட வேண்டும். முட்டி விலாவில் இடிக்கும், முழங்கை முகத்தில் படும். ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்துப் பதினைந்து முறையல்ல, அதற்கு மேல். இந்த இடத்தில் ஆடுகிறவர்களுக்கு முழங்காலும் முதுகும் சீக்கிரம் போய்விடும்.

1993-ல் விலாவின் குருத்தெலும்பு பிய்ந்து, பல வாரம் ஆட முடியாது என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் அடுத்த வாரமே களத்தில் நின்றார். கடைசியில் உடைந்த கை ஒன்றுதான் அவரை உட்கார வைத்தது.

இதைப் படித்துவிட்டு விசில் அடிப்பதற்கு முன் கொஞ்சம் நிதானம் வேண்டும். அடிபட்டும் ஆடுவதை வீரமாகக் கொண்டாடிய காலம் அது. அந்தத் தலைமுறையில் பலர் அதன் விலையைப் பின்னால் கொடுத்தார்கள். இன்று தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் குறைந்தது 12 நாள் வெளியே இருந்தாக வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.லின் விதி. நல்ல விதி. அதனால் 244 மாதிரி எண்களை எட்டுவது இனி இன்னும் கடினம். அதில் வருத்தப்பட ஏதும் இல்லை.

ஆட்டக்காரராக அவர் புதிதாகக் கொண்டுவந்தது வேறு. அதுவரை ரக்மேன் என்றால் பெரிய உடம்பு, பந்தைத் தட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வருகிற ஆள். 199 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்டைன்ஸ் தட்டிவிட்டு ஓடினார். நடுக்களத்துச் சின்ன ஆட்களோடு சேர்ந்து மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். எதிரணி ரக்மேன் மூன்றாவது கால்பகுதியில் மூச்சிரைக்கும்போது இவர் தனியாக நின்று மார்க் பிடித்துக்கொண்டிருப்பார். நிற்காமல் ஓடும் கேலிக் பழக்கம்தான் இது. 1987-ல் அவரைக் கவிழ்த்த அதே பழக்கம்.

1991-ல் பிரவுன்லோ பதக்கம். இந்த ஆட்டத்தில் இதற்கு மேல் தனிநபர் விருது கிடையாது. அதைத் தருவது பத்திரிகையாளரோ ரசிகரோ அல்ல, நடுவர்கள். ஒவ்வொரு லீக் ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூன்று பேருக்கு 3, 2, 1 என்று ரகசியமாக வாக்குப் போட்டு உறையில் வைப்பார்கள். சீசன் முடிவில் ஒரு விருந்தில், கோட்டு சூட்டு போட்ட வீரர்கள் முன்னால், ஒவ்வொரு சுற்றாகப் படிப்பார்கள். நம் ஊர்த் தேர்தல் வாக்கு எண்ணிக்கை மாதிரி டிவியில் நேரலை. அந்த ஆண்டு ஸ்டைன்ஸுக்கு 25 வாக்கு. அயர்லாந்திலிருந்து வந்து அதை வென்றவர் இதுவரை அவர் ஒருவர்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு எதிராக விசில் ஊதியவர்களும் நடுவர்களே.

கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. 1988-ல் ஒரே ஒரு முறை கிராண்ட் ஃபைனல். மறுபடியும் ஹாதார்ன், 96 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. 1996-ல் பணமில்லாமல் தவித்த மெல்பர்ன் கிளப்பை அந்த ஹாதார்னோடேயே இணைத்துவிடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. மெல்பர்ன் உறுப்பினர்கள் சரி என்று வாக்களித்தார்கள், ஹாதார்ன் உறுப்பினர்கள் முடியாது என்று விட்டார்கள். இன்றைக்கு இரண்டு கிளப்பும் தனித்தனியாக இருப்பது அந்த ஒரு மறுப்பால்தான். 1995, 96, 97 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டும் கிளப்பின் சிறந்த வீரர் விருது ஸ்டைன்ஸுக்கு. 91-ஐயும் சேர்த்தால் நான்கு. 1998-ல் 264 ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார்.

ஆடிக்கொண்டிருந்தபோதே, 1994-ல், திரைப்பட இயக்குநர் பால் கரியோடு சேர்ந்து 'ரீச்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். பள்ளி வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து, அறிவுரை சொல்லாமல், அவர்களைப் பேச விடுவது அதன் வேலை. விக்டோரியா மாநிலத்தின் ஆண்டின் சிறந்த மனிதர் விருது இரண்டு முறை அவருக்குக் கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். ஓய்வுக்குப் பிறகு டிவியில் கருத்துச் சொல்லிச் சம்பாதிக்கும் பழக்கமான பாதையில் அவர் போகவில்லை.

2008-ல் கிளப் மறுபடி கடனில் மூழ்கியபோது தலைவர் பதவியை ஏற்றார். ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கடன். பணக்கார ஆதரவாளர்கள் முதல் சாதாரண உறுப்பினர் வரை எல்லோரிடமும் கையேந்தி, 2010-ல் கடன் தீர்ந்தது என்று அறிவிக்க முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுக்கு நடுவில், 2009-ல், அவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மூளைக்கும் பரவியது. அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே கூட்டங்களுக்கு வந்தார்.

தலைவராக அவர் காலத்தைப் பொன்னால் மட்டும் பூச முடியாது. களத்தில் அணி மோசமாக இருந்தது. 2011 ஜூலையில் ஜீலாங்கிடம் 186 புள்ளியில் தோற்று, அதற்கடுத்த நாட்களில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. 2009 சீசனில் நல்ல இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் உரிமைக்காக அணி வேண்டுமென்றே தோற்றதா என்று பிறகு ஒரு விசாரணை நடந்தது. தோற்கத் திட்டமிட்டதாக நிரூபணம் ஆகவில்லை என்றாலும் 2013-ல் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. கடனை அடைத்தது ஒரு திறமை, அணியைக் கட்டுவது வேறு திறமை. இரண்டாவதை அவருடைய நிர்வாகம் செய்யவில்லை.

2012 பிப்ரவரியில் பதவியை விட்டார். மார்ச் 20 அன்று இறந்தார். வயது 45. மெல்பர்ன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் மாநில அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. யாரா ஆற்றின் மேல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உள்ள ஒரு பாலத்துக்கு அவர் பெயர். ஆஸ்திரேலியாவும் அயர்லாந்தும் கலப்பு விதிகளில் மோதும் தொடரில், சிறந்த ஆஸ்திரேலிய வீரருக்குத் தரும் பதக்கத்துக்கும் அவர் பெயர்தான். அயர்லாந்துக்காரர் பெயரில் ஆஸ்திரேலியருக்குப் பதக்கம்!

அவருக்குப் பின் அயர்லாந்திலிருந்து ஆள் எடுப்பது கிளப்புகளின் வழக்கமாகிவிட்டது. டைக் கென்னலி 2005-ல் சிட்னியோடு கோப்பை வென்றார், அப்புறம் ஊருக்குத் திரும்பி 2009-ல் கெர்ரி அணியோடு அகில அயர்லாந்துப் பட்டமும் வென்றார். ஜாக் டூயி 2022-ல் ஜீலாங்கோடு கோப்பை வென்று, ஸ்டைன்ஸின் 264 ஆட்டங்களையும் தாண்டினார். வந்தவர்கள் பலர், ஒன்றிரண்டு ஆண்டில் வீட்டு ஏக்கத்தோடு திரும்பியவர்களும் பலர். அயர்லாந்து கிராமத்துக் கிளப்புகளுக்கு இதில் கோபம் உண்டு, நியாயமான கோபம்தான். பதினைந்து ஆண்டு பாடுபட்டு வளர்த்த பிள்ளையைத் தங்களுக்கு ஒரு காசு இல்லாமல் கொண்டுபோகிறார்கள் என்று.

குறுக்கே ஓடுவதற்கான தண்டனை 1988-லேயே 15 மீட்டரிலிருந்து 50 மீட்டர் ஆனது. 2021-ல் இன்னும் ஒரு படி போனார்கள். மார்க்கில் நிற்பவர், நடுவர் 'ஸ்டாண்ட்' என்று கத்தியதும் பக்கவாட்டில் ஓர் அடிகூட நகரக் கூடாது, நகர்ந்தால் 50 மீட்டர். முதல் சில வாரம் இந்த ஆட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் பழக்க தோஷத்தில் நகர்ந்து மாட்டிக்கொண்டார்கள்.

அதே 2021 செப்டம்பரில் மெல்பர்ன் கோப்பை வென்றது, 57 ஆண்டு கழித்து. கொரோனா ஊரடங்கால் கிராண்ட் ஃபைனல் அந்த முறை பெர்த்தில் நடந்தது. மெல்பர்ன் நகரமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. சொந்த மைதானம் பூட்டிக் கிடக்க, ரசிகர்கள் சிவப்பு நீல ஸ்கார்ஃபை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து அதை டிவியில் பார்த்தார்கள்.